மலாவாத்தி குன்றிலிருந்து இமயமலைப் பாதைக்கு



"நம் ஊரில் மிக உயரமான இடம் எது?" என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், "மலாவாத்தி குன்று, சார்!" என்று ஒரே குரலில் பதில் வரும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோலசிலாங்கூரில் அதை விட்டால் வேறு மேடு ஏது? 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட அந்தக் குன்றின்மேல், 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. அதனடியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடல். மற்றொரு பக்கம் தஞ்சோங் காராங் வயல்வெளி. இன்னொரு பக்கம் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் என்று கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. பாய் விரித்தாற்போல் தட்டையான பூமி.

அந்தத் தட்டைப் பூமியில் பிறந்து வளர்ந்த நாங்கள் நான்கு பேர், 2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் இமயமலைக்குப் போய், மோட்டார் சைக்கிளில் 16,000 அடி உயரம் ஏறினோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எங்கே போகவேண்டும் என்று ஒன்றரை ஆண்டு திட்டம் போட்டோமோ, அங்கே போய்ச் சேராமல் பாதி வழியில் திரும்பியவர்கள் நாங்கள். இப்போதெல்லாம் நம் தோட்டத்து வாலிபர் பலர் "லடாக் போகிறோம்" என்று கிளம்புகிறார்கள். தாராளமாகப் போகட்டும். போகுமுன் இதை ஒரு தடவை படிக்கட்டும். அவர்களை வழியனுப்பும் தாய்மாரும் படிக்கட்டும்.

ஆசை பிறந்த கதை

என்னோடு வந்த மூவரும் என் பழைய மாணவர்கள். மூத்தவர் லாரி ஓட்டுகிறார். நடுவர் செம்பனை மில்லில் மின்சார வேலை பார்க்கிறார். இளையவன் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாலை நேரத்தில் பள்ளித் திடலில் பந்து விளையாடிவிட்டு, தேநீர்க் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் மலைப்பாதைப் படங்களைப் பார்ப்பார்கள். பனி மூடிய சிகரங்கள். அவற்றின் இடுப்பைச் சுற்றிய கயிறு போல ஒரு சாலை. அதில் 'புல்லட்' வண்டிகள் வரிசையாகப் போகும்.

"இந்த வண்டி எந்த ஊரில் செய்தது தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "இங்கிலாந்து" என்றான் ஒருவன். "டெல்லி" என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. ராயல் என்பீல்டு என்ற பெயர் இங்கிலாந்தில் பிறந்தது மெய்தான். ஆனால் 1955இல் அந்தக் கம்பெனி 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு அந்த வண்டியைத்தான் வாங்கியது. பிற்காலத்தில் இங்கிலாந்து ஆலை மூடப்பட்டது. சென்னை ஆலை நிலைத்துவிட்டது. இன்று இமயமலையில் 'தடதட' என்று ஏறும் அந்த வண்டி, நம் பாட்டன்மார் கப்பலேறிய அதே சென்னைக் கடற்கரையோரத்துச் சரக்கு!

இதைச் சொன்னதும் மூவர் முகத்திலும் ஒரு வெளிச்சம். "அப்படியானால் போயே தீரவேண்டும், சார்" என்றார்கள். அன்று பிறந்தது ஆசை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

தாய்க்குக் கொடுத்த வாக்கு

செய்தி தோட்டத்தில் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இளையவனின் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உதிரிப்பழம் பொறுக்கித் தேய்ந்த கைகள். உள்ளே வரவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"சார், ஒருத்தனை ஏற்கெனவே ரோட்டுக்குக் கொடுத்திட்டேன். உங்களுக்குத் தெரியாததில்லை. இவனை நீங்க கூட்டிட்டுப் போறதா சொல்றான். வேண்டாம்னு சொன்னா கேட்கமாட்டான். போகட்டும். ஆனா முழுசாக் கொண்டாந்து என்கிட்ட விட்டுடுங்க."

அந்த மூத்த பையனும் என் மாணவன்தான். 2016இல் ஓர் இரவு, வேலை முடிந்து வீடு திரும்புகையில், செம்பனைக் காட்டோரத்து வளைவில் மோட்டார் சறுக்கி மாண்டுபோனான். அவன் பெயர் எழுதிய பழைய வருகைப் பதிவேடு பள்ளி அலமாரியில் இன்னும் இருக்கிறது.

நம் தோட்டங்களில் இப்படி எத்தனை வீடு! பதினாறு வயதில் உரிமம், பதினேழில் வேலை, இருபதுக்குள் படம் மாட்டி மாலை போட்ட வீடுகள் எத்தனை! எண்ணிப் பாருங்கள்.

"அக்கா, அவன் வண்டி ஓட்டமாட்டான். என் பின்னால் உட்கார்ந்து வருவான். நான் பொறுப்பு" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

காகிதமும் காசும்

மாதம் தவறாமல் கூட்டு கட்டினோம். ஒன்றரை ஆண்டில் ஆளுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் வெள்ளி சேர்ந்தது. விமானச் செலவு, வண்டி வாடகை, பெட்ரோல், தங்குமிடம், குளிர் உடை எல்லாம் அதற்குள்.

காசைவிடக் காகிதம்தான் பெரிய பாடம். நம் பையன்கள் பெரும்பாலோர் கையில் இருப்பது 'பி2' உரிமம். அது 250 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டுமே. புல்லட்டோ 350 சிசி. சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டால் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி கொடுப்பார்கள். ஆனால் அதுவும் நம் உரிமத்துக்கு உட்பட்டதுதான். வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்கமாட்டார். காசு கொடுத்தால் சாவி கொடுப்பார். விபத்து என்று ஒன்று வந்தால் காப்புறுதிக் கம்பெனி அத்தனையும் கேட்கும். ஆகவே 'பி' உரிமம் உள்ள லாரிக்காரரும் நானும் புல்லட் எடுப்பது, மில்காரர் 200 சிசி வண்டி எடுப்பது என்று முடிவாயிற்று.

இந்திய விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்தோம். மணாலியிலிருந்து லே போகும் நெடுஞ்சாலைக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. லே நகரத்திலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்கோ பாங்கோங் ஏரிக்கோ போவதானால், வெளிநாட்டார் தனியாக அனுமதி பெறவேண்டும். மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியில் அந்த இடங்களைச் சுற்ற விடமாட்டார்கள். லேயில் உள்ளூர் வண்டிதான் எடுக்கவேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

பிரேசர் மலையில் ஒத்திகை

மலையே பார்க்காத ஊர்க்காரனுக்கு ஒத்திகை வேண்டாமா? எங்களுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது பிரேசர் மலை.

விடியற்காலையில் புறப்பட்டு, ஈஜோக் வழியாக ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா கடந்து கோலகுபு பாருவில் பசியாறுவோம். அருமையான சிறு பட்டணம் அது. 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபு அழிந்தது. பிறகும் வெள்ளம் ஓயாததால் ஊரையே இடம் மாற்றி, புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். ஊரைத் தாண்டினால் சிலாங்கூர் ஆற்று அணை. அங்கிருந்து வளைவு மேல் வளைவு. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அந்த வளைவுகளில் போகும்போது, பதுங்கியிருப்பவனுக்கு எவ்வளவு வசதியான இடம் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

மேலே போனால் ஏறக்குறைய 4,200 அடி. மூடுபனியும், கல் வீடுகளும், கொஞ்சம் குளிரும். ஆறு தடவை போய் வந்தோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்குவது, வளைவுக்கு முன்பே பிரேக் பிடிப்பது, முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவது, மழையில் டயர் ஒட்டுவது, அறுந்த கிளட்ச் கம்பியை மாற்றுவது எல்லாம் அங்கே பழகினோம். ஒருமுறை கேமரன் மலைக்கும் போய், 6,600 அடி உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரம் வரை ஏறினோம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டுச் சாலைகளில் எத்தனை முறை ஏறினாலும் பழக முடியாத ஒன்று இமயமலையில் இருக்கிறது. அதுதான் காற்று.

மெலிந்த காற்று

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போலச் சொல்கிறேன். கடல்மட்டத்தில் நம் தலைக்குமேல் இருக்கும் காற்று முழுவதும் கீழே அழுத்துகிறது. மேலே போகப்போக அந்த அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. லே நகரம் ஏறக்குறைய 11,500 அடியில் இருக்கிறது. அங்கே நம் ஊர்க் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கு மேலே உள்ள கர்துங் லா 17,582 அடி; அங்கே பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 'லா' என்றால் அவர்கள் மொழியில் கணவாய்.

வீட்டுப் பெண்களுக்கு விளங்கும்படி இன்னொன்று. நம் வீட்டில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. லேயில் 88 பாகையிலேயே கொதித்துவிடும். பானை பொங்கும், சோறு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சமையல் நடப்பதில்லை.

உடம்பு இந்தக் காற்றுக்குப் பழகும். ஆனால் அதற்கு நாள் கொடுக்கவேண்டும். 10,000 அடிக்கு மேலே போனபின், ஓர் இரவு படுத்த இடத்தைவிட அடுத்த இரவு 1,600 அடிக்கு மேல் உயரத்தில் படுக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒருநாள் முழு ஓய்வு. பகலில் உயரம் ஏறலாம். இரவில் இறங்கிப் படுக்கவேண்டும். இதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இளைஞன், பலசாலி, பந்து விளையாடுகிறவன் என்று மலை யாரையும் பார்ப்பதில்லை. சொல்லப்போனால் பலசாலிகள்தான் அவசரப்பட்டு ஏறிப் படுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தவன் நான். அதை மீறியவனும் நானே.

ஒன்பது நாள் விடுமுறை

ஆசிரியனுக்குக் கிடைத்தது ஒன்பதே நாள். அதற்குள் திட்டம்: முதல் நாள் டெல்லி, இரவுப் பேருந்து, இரண்டாம் நாள் மணாலி, மூன்றாம் நாள் ஜிஸ்பா என்ற கிராமம், 10,500 அடி, நான்காம் நாள் அங்கேயே ஓய்வு, ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் லே, ஆறாம் நாள் ஓய்வு, ஏழாம் நாள் உள்ளூர் வண்டியில் கர்துங் லா, எட்டாம் நாள் விமானத்தில் டெல்லி, ஒன்பதாம் நாள் வீடு. பார்க்க அழகான திட்டம். ஒரு நாள் தவறினால் எல்லாம் தவறும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மலைச்சரிவில் மண் சரிந்து பேருந்து அரை நாள் நின்றது. இரவில்தான் மணாலி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் முழுவதும் வண்டி எடுப்பதிலும் சோதிப்பதிலும் போயிற்று. நோட்டை எடுத்தேன். எதை வெட்டுவது? ஜிஸ்பாவின் ஓய்வு நாளை வெட்டினேன். மூவரும் "நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம், சார்" என்றார்கள்.

மணாலியை விட்டதும் 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கச் சாலை. 9 கிலோமீட்டருக்கு மலையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். முன்பு ரோத்தாங் கணவாய் ஏறி இறங்க அரை நாள் ஆகுமாம். இப்போது பத்துப் பதினைந்து நிமிடம். இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று பைன் மரங்கள். அந்தப் பக்கம் வெளியே வந்தால் வெறும் பாறையும் நீல வானமும்! மழையும் மரமும் சூழ வளர்ந்த நமக்கு, மரமே இல்லாத உலகத்தைப் பார்க்கும்போது பேச்சு வருவதில்லை.

தண்டி என்ற இடத்தில் பெட்ரோல் நிலையம். "அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர்" என்ற அதன் பலகை மோட்டார்காரர்கள் நடுவே பேர்போனது. அங்கே தொட்டியையும் நிரப்பி, தகரக் கலங்களையும் நிரப்பிக்கொண்டோம். அன்றிரவு ஜிஸ்பாவில் ஆற்றங்கரையில் நன்றாகத் தூங்கினோம்.

சார்ச்சுவில் ஓர் இரவு

மறுநாள் மில்காரரின் கிளட்ச் கம்பி அறுந்தது. மாற்றிப் புறப்படுகையில் மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. தார்ச்சா சாவடியில் கடப்பிதழைக் காட்டிப் பதிந்துவிட்டு ஏறினோம். 16,000 அடிப் பாராலாச்சா லாவை அடைந்தபோது பிற்பகல். வண்டி இழுக்கவில்லை, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கியது. பத்தடி நடந்தால் நெஞ்சு படபடக்கிறது. படம் எடுத்துக்கொண்டோம். இளையவன் சிரித்தபடிதான் நின்றான். தலை வலித்ததாம், சொல்லவில்லை. சொன்னால் பயணம் கெட்டுவிடும் என்று மறைத்துவிட்டான்.

லே இன்னும் வெகு தூரம். இருட்டுவதற்குள் போக முடியாது என்று தெரிந்தபின், சார்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் தங்கினோம். உயரம் 14,000 அடிக்குச் சற்று மேல். நம் கினபாலு மலையின் உச்சி 13,435 அடி. அதைவிட உயரத்தில் பாய் போட்டுப் படுத்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் 3,500 அடி ஏற்றம். சிவப்பு மைக் கணக்கைப்போல இரண்டு மடங்கு!

சார்ச்சுவுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது கிண்ணத்தின் அடிபோன்ற இடம். முன்னே போனாலும் கணவாய் ஏறவேண்டும். பின்னே போனாலும் கணவாய் ஏறவேண்டும். இறங்கி ஓடித் தப்ப வழி இல்லை.

இரவு பத்து மணிக்கு இளையவன் வாந்தி எடுத்தான். இரண்டு மணிக்கு அவன் பேச்சுக் குழறியது. எழுப்பி நிறுத்தி, நேர்க்கோட்டில் குதிகால் முன் கால் வைத்து நடக்கச் சொன்னேன். கள் குடித்தவன் போலத் தள்ளாடினான். படித்து வைத்திருந்தேன், அது மூளையில் நீர் கோக்கும் அறிகுறி. அதற்கு மருந்து ஒன்றே ஒன்று முதலில்: கீழே இறக்குவது. கூடாரக்காரர் ஒரு பிராணவாயுக் கலத்தைக் கொண்டுவந்து மூக்கில் வைத்தார். வெளியே உறைய வைக்கும் குளிர். இருட்டில், மயங்குகிறவனைப் பின்னால் உட்காரவைத்துக் கணவாய் ஏறுவது எப்படி?

வாசகர்களே, அந்த மூன்று மணி நேரத்தில் நான் இமயமலையைப் பார்க்கவில்லை. என் வீட்டு வாசலில் நின்ற அந்தத் தாயின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலை போடுகிறவர்கள்

விடியுமுன் ஒரு லாரி வந்தது. சாலை வேலைக்காரர்களைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, தார்ப் பீப்பாய் ஏற்றத் தார்ச்சா வரை போகும் லாரி. லாரிக்காரரும் நானும் நடுச்சாலையில் கைகூப்பி நின்றோம். ஓட்டுநர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தன் போர்வையை எடுத்து அவன்மேல் சுற்றித் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் மூவரும் வண்டிகளில் பின்தொடர்ந்தோம். பாராலாச்சாவின் மறுபுறம் சூரஜ் தால் என்ற ஏரி. காலை வெயில் பட்டுத் தங்கத் தகடாக மின்னியது. யாரும் வண்டியை நிறுத்தவில்லை.

தொழிலாளர்களை இறக்கிவிட்ட இடத்தில் அந்தப் பெண் இறங்கவில்லை. தார்ச்சா வரை கூடவே வந்தாள். அங்கிருந்து வாடகைக் காரில் கேலாங் மருத்துவமனைக்குப் போனோம். கீழே இறங்க இறங்க அவனுக்குப் பேச்சுத் தெளிந்தது. ஊசியும் பிராணவாயுவும் கொடுத்து இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். "இன்னும் அரை நாள் அங்கேயே இருந்திருந்தால்..." என்று மருத்துவர் சொல்ல வந்ததை முடிக்கவில்லை.

தார்ச்சாவில் கிடைத்த பத்து நிமிடத்தில், சினிமா பார்த்துக் கற்ற என் அரைகுறை இந்தியில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். ஊர் ஜார்கண்டில் தும்கா. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். 'மேட்' என்று ஒருவர் ஊரில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து அழைத்து வருகிறாராம். பனி உருகும்போது வந்து, பனி விழும்போது திரும்பவேண்டும். கல் உடைப்பது, தார் காய்ச்சி ஊற்றுவது, இடிந்த சாலையை மறுபடி கட்டுவது.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பணம், ஊர்க்காரரே வந்து ஆள் சேர்ப்பது, குடும்பத்தை விட்டுத் தூர தேசம். அங்கே மேட், நம் பாட்டன் காலத்தில் கங்காணி! ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து என் தாத்தா இப்படித்தானே வந்தார்? 1938இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும்வரை, கப்பல் கப்பலாக நம் மக்கள் இப்படித்தானே வந்தார்கள்? காட்டை அழித்து ரப்பர் நட்டதும், ரயில் தண்டவாளம் போட்டதும், சாலை வெட்டியதும் அவர்கள்தானே? காரில் போகிற துரைக்குச் சாலைதான் தெரியும். கல் உடைத்தவன் தெரியமாட்டான். கைப்பேசியில் இமயமலைப் படம் பார்த்த எங்களுக்கும் வண்டியும் பனியும்தான் தெரிந்தன. ஓரத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்பவர்கள் அந்தப் படங்களிலும் இருந்தார்கள். நாங்கள்தான் பார்க்கவில்லை.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது, இப்படி லடாக்கில் சிக்கித் தவித்த ஜார்கண்ட் தொழிலாளர் 60 பேரை மே மாதக் கடைசியில் விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துப் போனார்கள். அதுவரை அந்தச் சாலையை யார் போடுகிறார்கள் என்று வெளியுலகில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

இனிப் போகப்போகும் தம்பிகளே, என் தவற்றை நீங்கள் செய்யவேண்டாம்.

ஒன்று: பதினான்கு நாளுக்குக் குறைந்த விடுமுறை என்றால் போகாதீர்கள். திட்டத்தில் இரண்டு நாளாவது சும்மா விட்டுவையுங்கள். வெட்டுவதானால் கடைசியில் பார்க்கும் இடத்தை வெட்டுங்கள். ஓய்வு நாளை வெட்டாதீர்கள்.

இரண்டு: ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே போகும் பாதையில் உயரம் படிப்படியாக ஏறும், படுக்கும் ஊர்களும் தாழ்வானவை. உடம்புக்கு அது நல்லது. ஆனால் காஷ்மீர் நிலைமையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் நடந்த தாக்குதலை மறந்துவிடக்கூடாது. விஸ்மா புத்ராவின் பயண அறிவிப்பைப் பாருங்கள். மணாலி வழியானால் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு கட்டாயம், சார்ச்சுவில் படுக்காதீர்கள்.

மூன்று: தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அந்த நிமிடமே கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். மறைப்பது வீரம் அல்ல. தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, காத்திருக்காமல் கீழே இறங்குங்கள்.

நான்கு: இதயக் கோளாறு, இரத்தச்சோகை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே முன்பணம் கட்டுங்கள். மலை நோய்க்கு முன்னதாகச் சாப்பிடும் மாத்திரையும் உண்டு. அதை மருத்துவர் சொல்லித்தான் சாப்பிடவேண்டும். மதுவைத் தொடவே வேண்டாம்.

ஐந்து: காப்புறுதி எத்தனை சிசி வரை, எத்தனை அடி உயரம் வரை என்று எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள்.

ஆறு: சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகும். வெளிமாநிலத்து முன்கட்டணத் தொலைபேசி அட்டை லடாக்கில் வேலை செய்யாது. அதையும் எண்ணி வீட்டுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தாய் கேட்ட கேள்வி

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊர் வந்து சேர்ந்தோம். அன்று மாலையே இளையவனை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அந்த அக்காவிடம் சொன்னேன். ஓய்வு நாளை வெட்டியது நான்தான் என்பதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

மகனின் தலையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன சார் கொடுத்தீங்க?"

"காசு நீட்டினேன் அக்கா. வாங்கமாட்டேன் என்றுவிட்டாள்."

"காசு எதுக்கு சார்? போர்வையை இவன் மேல போட்டாளே, அது என்ன ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போர்வையோடுதான் அவனைக் காரில் ஏற்றினோம். அது கேலாங் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தது. அவசரத்தில் மறந்து அங்கேயே விட்டுவந்தோம். அவள் போர்வை இல்லாமல் அந்தக் குளிருக்கே திரும்பிப் போயிருக்கிறாள்.

"ஒரு போர்வை வாங்கிக் கொடுத்திருக்கலாமே, சார்" என்றார் அந்தத் தாய். குரலில் கோபமில்லை. ஆனால் எந்தத் தலைமையாசிரியரும் என்னை அப்படிக் கண்டித்ததில்லை.

இப்போது நம் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பழைய லயங்களில்தான் பலர் குடியிருக்கிறார்கள். சென்ற வாரம் அந்த அக்கா, மழையில் நனைந்து வந்த ஒரு வங்காளதேசத்துப் பையனைக் கூப்பிட்டு, தம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் சூடாகக் கோப்பி கொடுத்ததைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இமயமலைக்குப் போகிறவர்கள் பனியைப் பாருங்கள், ஏரியைப் பாருங்கள், வானத்தைப் பாருங்கள். சாலையோரத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். பையில் இடமிருந்தால் ஒரு போர்வையும் கூடுதலாக எடுத்துப் போங்கள். தும்காவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கோலசிலாங்கூர்க்காரர்கள் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.